தாத்தா குரல் டேப்

பெரிய அத்தை: அப்பா பேசின ஸ்பூல் பீரோவுல கிடைச்சுடுச்சு!! ஞாயித்துக்கிழமை எல்லாரும் வர்றப்ப போட்டுக் கேட்போமா

அண்ணன்: மெஷின் யார்கிட்ட?

சின்ன அத்தை: ரிப்பேர்னு சொல்லி பதினோரு வருஷம் முன்னாடி தூக்கிட்டுப் போனவர்கிட்ட

சித்தப்பா: ரிப்பேர் முடிஞ்சுது. பெல்ட் தார் மாதிரி உருகிக் கிடந்தது, மாத்திட்டேன்

சித்தப்பா: அக்கா, டேப்பை எதுலயும் மாட்டிடாதே. ஸ்பூலை வெளிச்சத்துக்கு நேரா பிடி. டேப் ரெண்டு வகை பிளாஸ்டிக்ல வரும். சுத்து வழியா வெளிச்சம் தெரிஞ்சா அசிடேட், தெரியலேன்னா அனேகமா பாலியெஸ்டர். அசிடேட் பட்டுனு அறும், ஆனா சுத்தமா அறும், ஒட்டிக்கலாம். பாலியெஸ்டர் இழுபட்டு நீண்டுடும், அந்த இடம் போனதுதான். மோந்தும் பாரு, வினிகர் வாடை வந்தா அசிடேட் கெட ஆரம்பிச்சாச்சு

மாமா: பாச்சா உருண்டை வாடைதான்

அண்ணன்: சித்தப்பா, தாத்தா எலி மாதிரி பேசுவாரே, அது சரியாச்சா

சித்தப்பா: அது வேகம்டா. வினாடிக்கு 3¾ இன்ச்ல பதிஞ்சதை 7½-ல ஓட்டினா அப்படித்தான். 1200 அடி டேப் 7½-ல 32 நிமிஷம், 3¾-ல 64

மாமா: பழைய டேப்பை ஓவன்ல வெச்சா சரியாகுமாமே

சித்தப்பா: அத்தான் வேண்டாம்!! அது முதுகுல கருப்புப் பூச்சு இருக்கற 70, 80கள் பாலியெஸ்டருக்கு. ஈரம் குடிச்சுப் பிசுபிசுத்து, டேப்பைப் படிக்கிற ஹெட்ல கிறீச்சுனு கத்தும். அதை 54 டிகிரில எட்டு மணி நேரம் வைப்பாங்க, அதுவும் சமையல் ஓவன்ல இல்ல. அசிடேட்டுக்கு சூடே ஆகாது

சின்ன அத்தை: அந்த ஸ்பூல் மறுபக்கம் நான் பாடினது. மேல ரேடியோ கமென்ட்ரி பதிஞ்சது யாரு

சித்தப்பா: மேல பதியாம இருக்க கேசட்ல உடைக்க ஒரு பல் இருக்கும், ஸ்பூலுக்கு அது கிடையாது. இந்தத் தடவை ரெக்கார்ட் பட்டன் மேல அட்டை ஒட்டியாச்சு

சின்ன அத்தை: பதில் வரல

சித்தப்பா: ஹெட், டேப்புக்கு வழிகாட்டுற கைடு, டேப்பை இழுக்கற கேப்ஸ்டன் தண்டு மூணையும் 99% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல பஞ்சுக்குச்சி தொட்டு, பழுப்பு வர்றது நிக்கிற வரைக்கும் துடைச்சாச்சு. ரப்பர் ரோலருக்கு சோப்புத்தண்ணி ஈரத்துணிதான், ஆல்கஹால் அடிக்கடி பட்டா வெடிச்சுடும். பாக்கி காந்தம் எடுக்கறது. மெஷின் ஆஃப், டேப் எல்லாம் அடுத்த ரூம்ல. டிமேக்னடைசரை மூணு அடி தள்ளி ஆன் பண்ணி, மெதுவா ஹெட்கிட்ட போய், அதே மெதுவுல விலகி வந்தப்புறம்தான் ஆஃப். கிட்ட இருக்கறப்பவே அணைச்சா காந்தம் ஏறிடும்

அண்ணன்: 👍

பெரிய அத்தை: வெளிச்சம் தெரியுது. தேன் கலர்ல

சித்தப்பா: அசிடேட். அப்ப ஃபாஸ்ட் ஃபார்வர்ட் கிடையாது. முதல்ல வேற டேப்பை ஓட்டிப் பார்ப்போம். அப்பா டேப்பை முதல் தடவை போடறப்பவே லேப்டாப்ல 24 பிட்ல ஏத்திடணும், ரெண்டாவது தடவை ஓடும்னு நம்ப முடியாது

மாமா: அப்ப ஞாயிறு உண்டா இல்லையா

பெரிய அத்தை: நடுவுல ஒரு இடத்துல செலோடேப் ஒட்டியிருக்கு

சித்தப்பா: ஐயோ. பசை கசிஞ்சு அடுத்த சுத்துல ஒட்டியிருக்கும். நீ பிரிக்காதே! அதை எடுத்துட்டு, 45 டிகிரில வெட்டி, பளபளப்புப் பக்கம் ஸ்ப்ளைசிங் டேப் (இந்த ஒட்டுக்குன்னே இருக்கற டேப்) ஒட்டணும்

சின்ன அத்தை: செலோடேப் ஒட்டினது யாரு, ரிப்பேர்கார அண்ணா

அண்ணன்: 🍿

சித்தப்பா: ஸ்ப்ளைசிங் டேப் நான் கொண்டு வர்றேன்

பெரிய அத்தை: மெஷினை யார் தூக்கறது