எங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்தது: பக்கத்தில் நின்று பார்த்தவை

எங்கள் பகுதியில் ஃபைபர், அதாவது ஒளி வழியாக இணையம் கொண்டுவரும் கண்ணாடி இழைக் கேபிள், போடும் வேலை போன மாதம்தான் முடிந்தது. தெருவைத் தோண்டியதில் இருந்து வீட்டுச் சுவரில் பெட்டி மாட்டியது வரை ஆறு வாரம் ஆனது. முடிந்தபோதெல்லாம் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பார்த்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள். இனிமேல் இணைப்பு வாங்கப் போகிறவர்களுக்கு உதவும்.

முதல் வாரத்தில் தெரு ஓரமாகக் குறுகலான பள்ளம் வெட்டி, பிளாஸ்டிக் குழாயைப் பதித்து மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அப்புறம் பத்துப் பதினைந்து நாள் ஆளே வரவில்லை. வேலையைக் கைவிட்டுவிட்டார்கள் என்றே எல்லோரும் நினைத்தோம். திரும்ப வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவர்கள் பதித்தது வெறும் குழாய். அது முழுக்க முடிந்த பிறகுதான் கம்ப்ரசர் வைத்து, காற்றழுத்தத்தோடு கேபிளை ஒரு முனையில் இருந்து உள்ளே செலுத்துகிறார்கள். கேபிள் சுருள் விறுவிறுவென்று சுழன்று குழாய்க்குள் போவதைத் தெருவே கூடி நின்று பார்த்தது.

எனக்கு மிகவும் பிடித்தது இழையை ஒட்டும் வேலைதான். தெருமுனைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருந்தார் அந்தத் தொழிலாளி. மேல்பூச்சை உரிக்கிறார், ஆல்கஹால் தொட்டுத் துடைக்கிறார், முனையை நேராக வெட்டுகிறார், இரண்டு முனைகளையும் மெஷினில் வைக்கிறார். திரையில் இரண்டும் நெருங்கி வருவது பெரிதாகத் தெரிகிறது. ஒரு மின்பொறி, அவ்வளவுதான், இரண்டு கண்ணாடியும் உருகி ஒன்றாகிவிட்டது. பூச்சு போக, அந்தக் கண்ணாடியின் குறுக்களவு 125 மைக்ரான், கிட்டத்தட்ட ஒரு தலைமுடி. அதன் நடுவில் ஒளி ஓடும் பகுதி 9 மைக்ரான்தான். இவ்வளவு நுண்ணிய வேலையை வெயிலில் உட்கார்ந்து பொறுமையாகச் செய்கிறவர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

வெட்டிய துண்டுகளை அவர் ஒரு மூடிபோட்ட டப்பாவில் போட்டுக்கொண்டே இருந்தார். கேட்டதற்கு, “இது கண்ணாடி சார், காலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது, எடுக்கவும் முடியாது” என்றார். வீட்டுக்குள் வேலை நடந்தால் தரையை ஒட்டு டேப்பால் ஒற்றி எடுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கட்டாயம் செய்யுங்கள். வெறும் கேபிள் முனையை யாரும் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவும் கூடாது. உள்ளே வரும் ஒளி அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கக்கூடியது.

தெருமுனைப் பெட்டியில் ஒரு ஸ்பிளிட்டர் இருக்கிறது. அங்கே வரும் ஒரே இழையின் ஒளியை 32 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அதற்கு மின்சாரமே வேண்டாம். ஒளி பாதியாகி, அந்தப் பாதி மறுபடி பாதியாகி, இப்படி ஐந்து முறை பிரிகிறது. எங்களுக்குப் போட்டிருப்பது ஜிபான், ஒரே இழையைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் முறை. இதில் அந்த 32 வீட்டுக்கும் சேர்த்துத்தான் 2.5 கிகாபிட் வருகிறது. எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பதால் இதுவரை நெரிசல் தெரியவில்லை.

நான் தவறவிட்டது வீட்டுக்குள்தான். கேபிள் நுழைய எது சுலபமோ அந்த மூலையில், வாசல் பக்கமாகத் துளை போடலாமா என்று கேட்டார்கள். யோசிக்காமல் சரி என்றுவிட்டேன். பெட்டி மாட்டிய வாசல் அறையில் வைஃபையில் 300 எம்பிபிஎஸ் வருகிறது. என் மகள் படிக்கும் பின்னறையில் 40-ஐத் தாண்டவில்லை. நடுவில் மூன்று சுவர்.

* * *

நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் வீட்டுக் கதை வேறு. மாட்டிய நான்காம் நாளில் இருந்து ஒளி சரியாக வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. சில நேரம் தானே சரியாகும், மறுபடி போகும். புகார் கொடுத்தால் “பெட்டியை அணைத்துப் போடுங்கள்” என்பார்கள். இரண்டு வாரம் இப்படியே ஓடியது.

கடைசியில் வந்தவர் அனுபவசாலி. முதல் வேலையாக, வரும் ஒளியின் அளவைக் காட்டும் மீட்டரைச் செருகினார், மைனஸ் 29 டிபிஎம் காட்டியது. மைனஸுக்குப் பின் வரும் எண் பெரிதானால் ஒளி குறைவு என்று அர்த்தம். எங்கள் பெட்டி மைனஸ் 27 வரைக்கும்தான் நம்பிக்கையாக வேலை செய்யும், மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நல்லது என்றார். அப்புறம் பேனா மாதிரி ஒன்றால் கேபிளுக்குள் சிவப்பு ஒளியைச் செலுத்தி, அறை விளக்கை அணைக்கச் சொன்னார். ஜன்னல் சட்டத்தின் ஓரத்தில் ஒரே ஓர் இடம் மட்டும் சிவப்பாக ஒளிர்ந்தது. அங்கே கேபிளை மடக்கி ஆணியால் இறுக்கியிருந்தார்கள். ஜன்னலைச் சாத்தும்போதெல்லாம் இன்னும் மடங்கி, ஒளி வெளியே கசிந்துகொண்டிருந்தது. அந்தத் துண்டை மாற்றி, அகலமான வளைவாகக் கொண்டுவந்தார். மைனஸ் 19. அதன் பிறகு ஒருமுறைகூட அறுபடவில்லை.

அதனால் மாட்டும் அன்றே மீட்டர் அளவைக் கேட்டு எழுதி வையுங்கள். பின்னாளில் பிரச்சினை வந்தால் ஒப்பிட்டுக் காட்ட உங்களிடம் ஓர் எண் இருக்கும்.

* * *

நான் சொல்ல வருவது வேகத்தைப் பற்றி இல்லை. தனியாக இருக்கும் என் அம்மாவைப் பற்றி.

அம்மா வீட்டில் முப்பது வருடமாகப் பழைய லேண்ட்லைன் இருந்தது. ஃபைபர் வந்ததும் செம்புக் கம்பியை எடுத்துவிட்டு, போனையும் புதுப் பெட்டியிலேயே செருகிக் கொடுத்தார்கள். ஒன்றும் மாறவில்லை என்றுதான் நினைத்தோம். ஒரு நாள் இரவு மின்சாரம் போனது. அம்மாவுக்குத் தலைசுற்றல். எப்போதும்போல லேண்ட்லைனை எடுத்திருக்கிறார், சத்தமே இல்லை. செல்போனில் சார்ஜ் இல்லை. இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். நல்லவேளையாக விழவில்லை.

பழைய கம்பியில் போனுக்கு வேண்டிய மின்சாரமும் தொலைபேசி நிலையத்தில் இருந்தே வந்துகொண்டிருந்தது. அதனால் வீட்டில் கரண்ட் போனாலும் போன் வேலை செய்தது. கண்ணாடி இழை ஒளியை மட்டும்தான் கொண்டுவரும். பெட்டிக்கு நம் வீட்டு மின்சாரம் வேண்டும். இதை மாட்ட வந்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

இப்போது பெட்டிக்கென்றே ஒரு சின்ன பேட்டரி யூபிஎஸ் வாங்கி வைத்திருக்கிறேன். எங்கள் பெட்டி 12 வோல்ட். நீங்கள் வாங்கினால் உங்கள் பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

* * *

சின்னத் தகவல். 500 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்தும் கம்ப்யூட்டரில் 94-க்கு மேல் ஏறவில்லை. ஃபைபரைத்தான் சந்தேகப்பட்டேன். பார்த்தால் பெட்டியையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் என் பழைய லேன் கேபிள்தான் காரணம். உள்ளே எட்டுக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இணைத்திருந்தது, அதனால் 100-க்குள் நின்றுவிட்டது. வேகம் சரியாக 93, 94-இலேயே நின்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

* * *

தொடங்கியவன் மறுபடி வருகிறேன். அம்மாவைப் பற்றி எழுதியவருக்கு நன்றி. படித்த அன்றே எதிர்வீட்டுப் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் வீட்டிலும் இதே நிலைதான், அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவருடைய மகன் யூபிஎஸ் வாங்கி மாட்டிவிட்டார்.

என் பின்னறைப் பிரச்சினையும் தீர்ந்தது. ஃபைபர் பெட்டியைத் தொடவில்லை. அதில் இருந்து சுவரோரமாக ஒரு லேன் கேபிள் இழுத்து, நடு அறையில் அலமாரிக்கு மேல் இன்னொரு வைஃபை பெட்டி வைத்தேன். ஒரு மாலைநேர வேலை. மகள் அறையில் இப்போது 260 வருகிறது. முதல் நாளே நடு அறை என்று கேட்டிருந்தால் இந்த இரண்டாவது பெட்டியே தேவைப்பட்டிருக்காது.

பின்வீட்டுக்கு நாளை காலை துளை போட வருகிறார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டதால் நானும் போய் நிற்கப் போகிறேன். எங்கே துளை போடலாம் என்று இன்று மாலையே சுவரில் பென்சிலால் குறித்துவிட்டோம். மீட்டர் அளவையும் வாங்கிவந்து இங்கே எழுதுகிறேன்.