ஆடிக் கூழ்: தென்னாப்பிரிக்கா, டர்பன் சாட்ஸ்வர்த் குடும்பக் குழு

ராஜன் மாமா: கூடாரக்காரர் காலையிலேயே போன் பண்ணிவிட்டார். முன்பணம் 2,500 ரேண்ட் இன்னும் வரவில்லையாம். சிவா, என்னப்பா?

லோகா: 14 வீடு, வீட்டுக்கு 300. மொத்தம் 4,200 அவனிடம்தான் இருக்கிறது, எழுதி வைத்திருக்கிறேன்

பிரேமா சித்தி: போன வாரம் என்னிடம் 800 வாங்கினான். கார் டயராம்

குமார்: என்னிடமும் டயர்தான் 😂 அந்தக் காருக்கு எத்தனை டயர்

தேவி அக்கா: சிரிக்காதே குமார். சூதாட்டத்தில் மாட்டி எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன், காசு மொத்தமாகப் போன பிறகுதான் வீட்டுக்குத் தெரிகிறது, ஆனால் அடையாளம் முன்பே வந்துவிடும். 25ஆம் தேதி சம்பளம், 28க்குள் கைமாற்று. ஆளுக்கு ஒரு கதை. போனைக் குப்புற வைப்பான், குளிக்கப் போனாலும் கூடவே போகும். 20 ரேண்டில் தொடங்கியவனுக்கு இப்போது 200 போட்டால்தான் சூடு பிடிக்கும். ஜெயித்ததை ஊருக்கெல்லாம் சொல்வான், தோற்றதைச் சொல்லமாட்டான். விட்டதைப் பிடிக்கிறேன் என்று அன்றைக்கே மறுபடி போடுவான் பார், அதுதான் எனக்குப் பயம். போனில் ஆடும் அந்த விமான ஆட்டம் இருக்கிறதே, விமானம் பறந்து போவதற்குள் அமுக்கிக் காசை எடுக்க வேண்டும், ஒரு சுற்று சில நொடிதான். குதிரைப் பந்தயத்திலாவது அடுத்த ஓட்டம் வரை மூச்சு விடலாம். நிறுத்தச் சொன்னால் எரிந்து விழுகிறானாம், மீனா அழுதாள்

ராஜன் மாமா: குதிரை என்றதும் தாத்தா ஞாபகம். ஜூலை முதல் சனிக்கிழமை புதுச் சட்டையோடு கிரேவில் பந்தய மைதானத்துக்குப் போவார்

பிரேமா சித்தி: ஆயாவின் வளையலும் கூடவே போகும். மிச்சமிருந்த ஜோடி எனக்கு வர வேண்டியது ராஜன்

ராஜன் மாமா: அதை இப்போது ஏன்

லோகா: சிவா இந்தக் குழுவில்தானே இருக்கிறான்?

குமார்: ஐயோ

ராஜன் மாமா: தேவி, அழித்துவிடு

தேவி அக்கா: மாட்டேன், படிக்கட்டும். சிவா, உன்னைத் திட்டவில்லைடா. சூதாட்ட உதவி எண் 0800 006 008, இலவசம், ராத்திரியும் எடுப்பார்கள். என்னை ஆட விடாதீர்கள் என்று நீயே பேர் பதிந்து வைக்கலாம், 2004 சூதாட்டச் சட்டத்திலேயே இருக்கிறது. நான் கூட வருகிறேன்

சாந்தா பெரியம்மா: பெரிய அண்டா யாரிடம்? போன வருடம் கூழ் பத்தவில்லை

குமார்: ஃபீனிக்ஸ் அத்தையிடம். மோர் யார்?

சிவா: மாலைக்குள் கூடாரக்காரருக்குப் போட்டுவிடுகிறேன்

லோகா: ரசீதைப் படம் எடுத்து அனுப்பு

ராஜன் மாமா: மிச்சப் பணம் லோகாவிடம் இருக்கட்டுமா?

பிரேமா சித்தி: லோகாவிடமா??

சாந்தா பெரியம்மா: அண்டா கேட்டேனே