வீட்டுக்கு நாஸ்: ரெடிமேட் பெட்டியா, நாமே கட்டுவதா?

கொல்லைப்புறம்:
பத்து வருடப் படங்கள், பிள்ளைகளின் வீடியோக்கள், அப்பா ஸ்கேன் செய்து வைத்த பழைய பத்திரங்கள் எல்லாம் சேர்ந்து 3 டெராபைட்டைத் தொட்டுவிட்டன. போன மாதம் எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று டக் டக் என்று சத்தம் போட்டுவிட்டுப் படுத்துவிட்டது. பாதிப் படங்கள் போனில் இருந்ததால் தப்பித்தேன். இனி ஒரு நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பொதுவான சேமிப்புப் பெட்டி) வாங்கி வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன். எது நம்பகமானது? நான் கணினி ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளை இதற்குத் தாரை வார்க்கவும் முடியாது.

இரட்டைப்பூட்டு:
கடைசி வரியிலேயே பதிலும் இருக்கிறது. இரண்டு டிஸ்க் போடுகிற ரெடிமேட் பெட்டி. இரண்டையும் மிரராக, அதாவது ஒன்றில் இருப்பதே மற்றதிலும் இருக்கும்படி அமைத்துவிட்டால் ஒன்று போனாலும் மற்றது ஓடும். போனில் எடுத்த படம் தானாக ஏறிவிடும். நான் வைத்து ஆறு வருடமாகிறது. தூசி துடைப்பதைத் தவிர வேறு வேலை செய்ததில்லை.

திருப்புளி:
ஆறு வருடம் ஓடியது என்பது உங்கள் அதிர்ஷ்டம், அது நம்பகத்துக்குச் சான்று ஆகாது. நாஸ் பெட்டி விற்கும் சினாலஜி கம்பெனி 2025இல் என்ன செய்தது என்று நினைவிருக்கிறதா? புதிய பிளஸ் மாடல்களில் தன் பட்டியலில் உள்ள டிஸ்குகளைத்தான் போட வேண்டும் என்றது. காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குள் என்ன போடலாம் என்பதை இன்னொருவர் சொல்வதா? பழைய கணினி ஒன்றில், அதை நாஸாக மாற்றும் ட்ரூநாஸ் மென்பொருளை ஏற்றுங்கள். அதில் கோப்புகளைச் சேமிக்கும் முறையான இசட்எஃப்எஸ், தரவின் ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் (கெட்டுப்போனதா என்று சரிபார்க்கும் எண்) வைத்திருக்கும். டிஸ்கில் ஒரு பிட் சத்தமில்லாமல் மாறிப்போனால்கூடக் கண்டுபிடித்து, மிரரின் மறு பக்கத்திலிருந்து சரிசெய்துவிடும்.

இரட்டைப்பூட்டு:
பாதிக் கதையை விட்டுவிட்டீர்களே. அதே 2025 அக்டோபரில், சினாலஜி பெட்டிகளின் மென்பொருளான டிஎஸ்எம் 7.3 வந்தபோது ஹார்ட் டிஸ்குகளுக்கான அந்தக் கெடுபிடியைத் தளர்த்திவிட்டார்கள். செக்சம் இங்கேயும் உண்டு. பிடிஆர்எஃப்எஸ் என்ற சேமிப்பு முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும். (ஒன்று மட்டும்: ஷேர்டு ஃபோல்டர் உருவாக்கும்போதே செக்சமை டிக் செய்ய வேண்டும், பிறகு மாற்ற முடியாது. எனக்கு இது தெரிந்தபோது எல்லாவற்றையும் ஏற்றி முடித்திருந்தேன்.)

அப்புறம் அந்தப் பழைய கணினி சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 525 யூனிட். சிறிய பெட்டி 15 வாட்டில் ஓடினால் 130 யூனிட் சொச்சம். கணக்கு அங்கேயே இடிக்கிறது.

திருப்புளி:
கரண்ட் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கம்பெனி கைவிட்டால் என்ன செய்வீர்கள்? வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவுக்குக் கடைசியாக அப்டேட் வந்தது 2015இல். 2021 ஜூனில் ஒருநாள் உலகம் முழுக்கப் பலருடைய பெட்டிகள் வெளியிலிருந்து ரீசெட் செய்யப்பட்டுக் காலியாகக் கிடந்தன. டிஸ்கில் ஒரு கோளாறும் இல்லை. பெட்டி உயிரோடு இருக்க, உள்ளே இருந்ததுதான் போயிற்று. நானே கட்டிய கணினியில் போர்டு பழுதானால் டிஸ்குகளைக் கழற்றி வேறெதிலாவது மாட்டிக்கொள்வேன்.

இரட்டைப்பூட்டு:
சினாலஜியின் டிஸ்குகளையும் லினக்ஸ் கணினியில் மாட்டிப் படிக்கலாம். உள்ளே இருப்பது லினக்ஸின் எம்டி ரெய்டுதான் (மிரர் மாதிரி பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்க்கும் முறைதான் ரெய்டு), ரகசியம் ஒன்றுமில்லை. கேட்டவர் "கணினி ஆள் இல்லை" என்கிறார். உங்கள் கணினி இரவு 11 மணிக்கு முரண்டு பிடித்தால் அவர் யாரை எழுப்புவார், உங்களையா?

சும்மாதான்:
எங்கள் வீட்டில் "ரெய்டு போடப்போகிறேன்" என்று போனில் பேசியதைக் கேட்டு மாமனார் பீரோ சாவியைத் தேடினார்.

மூன்றாம்பிரதி:
இரண்டு பேரும் பெட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். கேட்டவருக்குப் போனது படங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். இரண்டு டிஸ்க், அழகான மிரர். மகன் லேப்டாப்பில் இடம் இல்லை என்று "பழைய படங்கள்" ஃபோல்டரை அழித்தான். அது நாஸில் இருந்த ஃபோல்டர். மிரர் சொன்னபடி கேட்கும் பிள்ளை. அழி என்றால் இரண்டு டிஸ்கிலும் அதே நொடியில் அழிக்கும். நாங்கள் கவனிக்க நான்கு மாதமாயிற்று. அலமாரியில் எப்போதோ நகல் எடுத்து மறந்துபோன டிஸ்க் ஒன்றுதான் கொஞ்சத்தையாவது காப்பாற்றியது.

ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் இருக்கத்தான் ரெய்டு. அதற்கும் பேக்கப்புக்கும் சம்பந்தமில்லை. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. இது இல்லாமல் எந்தப் பெட்டி வாங்கினாலும் ஒன்றுதான்.

இரட்டைப்பூட்டு:
ஸ்னாப்ஷாட் (கோப்புகள் அந்த நேரத்தில் இருந்த நிலையின் பதிவு) போட்டு வைத்திருந்தால் மகன் அழித்ததை ஒரு நிமிடத்தில் மீட்டிருக்கலாம்.

மூன்றாம்பிரதி:
ஒரு மாத ஸ்னாப்ஷாட் வைத்திருப்பவர் நான்கு மாதம் கழித்துக் கவனித்தால்? திருடன் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனால்? ஸ்னாப்ஷாட்டும் அதே பெட்டிக்குள்தானே இருக்கிறது.

கொல்லைப்புறம்:
பயமுறுத்திவிட்டீர்கள். சரி, டிஸ்க் எதை வாங்குவது? "நாஸ் டிஸ்க்" என்று எழுதியிருந்தால் போதுமா?

திருப்புளி:
போதாது. எஸ்எம்ஆரா சிஎம்ஆரா என்று பாருங்கள். இரண்டும் டிஸ்கில் எழுதும் விதங்கள். சிஎம்ஆரில் தடங்கள் தனித்தனியாக இருக்கும், அதையே வாங்குங்கள். எஸ்எம்ஆரில் எழுதும் தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருக்கும். ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமானால் பக்கத்து ஓடுகளையும் கழற்றி அடுக்க வேண்டுமல்லவா, அதேதான். சாதாரண நாளில் தெரியாது. ஒரு டிஸ்க் போய்ப் புதியதை மாட்டி, அதில் எல்லாவற்றையும் மறுபடி நிரப்பும்போது (ரீபில்ட்) தெரியும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில டிஸ்குகள் எஸ்எம்ஆர் என்று வெளியே வந்து பெரிய ரகளை ஆயிற்று. நாஸுக்கென்றே விற்ற வரிசை அது! அதன் பிறகுதான் சிஎம்ஆர் டிஸ்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வைத்தார்கள்.

இரட்டைப்பூட்டு:
இதில் திருப்புளி சொல்வது சரி. இன்னொன்று, தேவைக்கு மேல் பெரிய டிஸ்க் வேண்டாம். 12 டெராபைட் டிஸ்கை நொடிக்கு 180 எம்பி வேகத்தில் நிரப்பினாலும் 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் மிச்சமிருக்கும் ஒற்றை டிஸ்கை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டும்.

திருப்புளி:
வெளியூரிலிருந்து படம் பார்க்கலாம் என்று ரவுட்டரில் போர்ட்டை (வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை) திறந்துவிடாதீர்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணம் பறிக்கும் வைரஸ், கியூநாப் கம்பெனியின் நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டு 0.03 பிட்காயின் கேட்டது. இணையத்துக்கு நேராகத் திறந்திருந்தவைதான் மாட்டின. விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்கு ஒரு பூட்டிய தனிப் பாதை) வழியாகப் போங்கள்.

கொல்லைப்புறம்:
முடிவு செய்துவிட்டேன். இரண்டு டிஸ்க் பெட்டி, 6 டெராபைட் சிஎம்ஆர் இரண்டு, கரண்ட் போனால் பெட்டியைத் தானாக நிறுத்த ஒரு சிறிய யுபிஎஸ். கூடவே இன்னொரு எக்ஸ்டர்னல் டிஸ்க். மாதம் ஒருமுறை நகல் எடுத்துத் தங்கை வீட்டில் வைப்பேன். திருப்புளி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

திருப்புளி:
கோபமில்லை. அந்த நகலிலிருந்து பத்துப் படங்களையாவது திறந்து பார்த்துவிட்டுத் தங்கையிடம் கொடுங்கள்.

மூன்றாம்பிரதி:
டிஸ்கின் மேல் "அழிக்காதே" என்றும் எழுதி ஒட்டுங்கள். தங்கைக்குப் பிள்ளைகள் உண்டா?

கொல்லைப்புறம்:
மூன்று பேர்.