'மோன்ஜுவா சேன் டெனி': வெறும் போர்முழக்கமா, ராஜ விசுவாசமா?

கொடிமரம்:
2021 ஜூனில் தேன்-லெர்மிதாஜ் என்ற ஊரில் மக்களிடம் கைகுலுக்கப் போன பிரான்ஸ் அதிபர் மக்ரோனை ஒருவர் கன்னத்தில் அறைந்தாரே, அப்போது அவர் கத்தியது 'மோன்ஜுவா சேன் டெனி!' பிரெஞ்சு மன்னர்களின் அரச சின்னத்தில் இருந்த வாசகம் அது. மறுபடி ராஜா வேண்டும் என்பதைத் தவிர இதற்கு என்ன அர்த்தம்?

நெடுவழி:
அவசரப்படாதீர்கள். சின்னத்தில் ஏறுவதற்கு முன்பே அது போர்க்களத்தில் ஒலித்தது. 1100 வாக்கில் வந்த 'ரோலாண்டின் பாடல்' காவியத்தில் பிராங்கு மன்னர் சார்லமேனின் படை 'மோன்ஜுவா' என்று மட்டும்தான் முழங்குகிறது. பிரான்சின் காவல் புனிதரான சேன் டெனியின் பெயர் அதில் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. படை வீரர்கள் ஒன்றுசேரக் கத்தியது, அவ்வளவுதான்.

கொடிமரம்:
யாருடைய படை? 1124இல் மன்னர் ஆறாம் லூயி பாரிஸ் பக்கத்தில் அந்தப் புனிதர் பெயரில் இருந்த சேன் டெனி மடத்துக்குப் போய் அங்கிருந்த செங்கொடியை எடுத்துக்கொண்டுதான் ஜெர்மானியப் பேரரசரை எதிர்க்கக் கிளம்பினார். மன்னர்களைப் புதைத்ததும் அங்கேதான். 1793இல் புரட்சிக்காரர்கள் தேடிப் போய் அந்தக் கல்லறைகளைத் தோண்டினார்கள். அது யாருடைய இடம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கபிலன்93:
நான் சேன் டெனிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். அந்தச் செங்கொடியின் நகல் இன்றும் அந்த மடத்தின் தேவாலயத்துக்குள் தொங்குகிறது. வெட்டுப்பட்ட தலையைக் கையில் ஏந்தி பாரிஸின் மோன்மார்த்ர் குன்றிலிருந்து நடந்தே வந்தாராம் அந்தப் புனிதர்! பள்ளிப் பிள்ளைகள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள், ஒருவரும் ராஜபக்தர் ஆகவில்லை. இங்கே பலருக்கு இந்த முழக்கம் 1993இல் வந்த ஒரு நகைச்சுவைப் படத்தில் மாவீரன் கத்தியதாகத்தான் ஞாபகம்.

நெடுவழி:
அதைத்தான் சொல்கிறேன். அறைந்தவருக்கும் பழங்கால வாள்சண்டையில் ஆர்வம் என்று செய்தி வந்தது.

கொடிமரம்:
வாள்சண்டைக்காரர் பயிற்சிக் கூடத்தில் கத்தியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். இவர் அடுத்த மூச்சில் 'மக்ரோன் ஆட்சி ஒழிக' என்றாரே! முடியாட்சி கேட்கும் வலதுசாரிக் குழுக்கள் இன்றும் இதையே கத்துகின்றன. அவர்களும் படம் பார்த்துக் கற்றுக்கொண்டார்களா?

நெடுவழி:
சரி, அந்தக் குழுக்கள் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதினெட்டு மாதத் தண்டனையில் பதினாலை நிறுத்திவைத்த நீதிமன்றம் அறைந்ததற்காகத்தான் தண்டித்தது, முழக்கத்துக்காக இல்லை.

கொடிமரம்:
முழக்கத்துக்காக உள்ளே போடச் சொன்னேனா? யார் பக்கம் நின்று கத்தினார் என்றுதான் கேட்டேன்.

கபிலன்93:
நீங்கள் சண்டை போடுங்கள். யாராவது பாரிஸ் பக்கம் வந்தால் சொல்லுங்கள், கூட்டிப் போகிறேன். தேவாலயத்துக்குள் சும்மா போகலாம், மன்னர் கல்லறைகளைப் பார்க்கத்தான் டிக்கெட்.