டெபியன் 12க்கு மாறியதும் திரெட் உருவாகவில்லை: செக்காம்ப் வடிகட்டியில் குளோன்3 சிக்கல்

வணக்கம். மூன்று நாளாக ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறேன். வெளியார் பதிவேற்றும் படங்களைச் சுருக்கும் சி நிரல் ஒன்றை செக்காம்ப் வடிகட்டிக்குள் (நிரல் கர்னலிடம் எந்த அழைப்புகளைச் செய்யலாம் என்று கட்டுப்படுத்தும் லினக்ஸ் வசதி) அடைத்து ஓட்டுகிறேன். டெபியன் 11-இல் குறையே இல்லை. சனிக்கிழமை டெபியன் 12க்கு (கர்னல் 6.1, சி நிரல்களின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.36) மாற்றினேன், அன்றிலிருந்து நிரல் தொடங்கியவுடன் நின்றுவிடுகிறது.

நிரல் செய்யும் கர்னல் அழைப்புகளைக் காட்டும் ஸ்ட்ரேஸ் போட்டுப் பார்த்தேன். முதல் திரெட்டை (நிரலுக்குள் இணையாக ஓடும் கிளை) உருவாக்கும் இடத்தில், அதற்கான குளோன்3 அழைப்புக்கு என் வடிகட்டியே இபெர்ம் ('அனுமதி இல்லை') பிழையைத் திருப்புகிறது. பழைய ஜிலிப்சி குளோனை அழைத்தது, 2.34 முதல் குளோன்3-ஐ முதலில் முயல்கிறது.

குளோன்3-ஐ முழுவதும் அனுமதித்தேன், ஓடியது. ஆனால் யூசர் நேம்ஸ்பேஸ் (தனிப் பயனர் அடையாளங்கள் கொண்ட தனி வெளி) உருவாக்கும் வழியும் திறந்துகொண்டது. அதற்குள் நுழையும் புராசஸுக்கு அங்கே எல்லா கேப்பபிலிட்டிகளும் (ரூட்டுக்குரிய அதிகாரங்கள்) கிடைத்துவிடும். அதை அடைக்கத்தானே இத்தனை பாடு! நேம்ஸ்பேஸ் உருவாக்கும் இன்னொரு அழைப்பான அன்ஷேரை ஏற்கெனவே தடுத்திருக்கிறேன். குளோனில் கொடிகள் (எதை உருவாக்க வேண்டும் என்று சொல்லும் குறிகள்) ரெஜிஸ்டரில் வருவதால் சரிபார்க்க முடிந்தது. குளோன்3-இல் அவை நினைவகத்தில் ஒரு ஸ்ட்ரக்சருக்குள் இருக்கின்றன. வடிகட்டிக்குச் சுட்டி (அதன் நினைவக முகவரி) மட்டுமே தெரியும், உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. யூசர் நேம்ஸ்பேஸ் வரம்பைக் கர்னல் அமைப்பிலேயே பூஜ்யமாக்கினேன். ஆனால் அதே கணினியில் யூசர் நேம்ஸ்பேஸை நம்பி ரூட் இல்லாமல் ஓடும் பாட்மான் கன்டெய்னர்கள் நின்றுபோயின.

குளோன்3-க்கு மட்டும் இபெர்முக்குப் பதிலாக எனோசிஸ் ('இப்படி ஓர் அழைப்பே இல்லை') பிழையைத் திருப்பினால், ஜிலிப்சி எல்லா இடங்களிலும் பழைய குளோனுக்கே இறங்கி வருமா?