மூக்கு குத்தாத மூக்கையா

என் பெயரைக் கேட்டதும் எங்கள் பக்கத்து ஆட்கள் முதலில் என் மூக்கைத்தான் பார்ப்பார்கள். துளை எதுவும் இருக்காது. மூக்கு குத்தியது தாத்தாவுக்கு. அவருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் அவர் பிறந்ததும் மூக்கைக் குத்தி, பக்கத்து வீட்டில் தவிட்டுக்கு விற்று, திரும்ப வாங்கினார்களாம். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் விட்டுவிடுவான் என்ற கணக்கு. மதுரை, தேனிப் பக்கம் மூக்கன், மூக்கம்மாள், பிச்சை, குப்பை, தவிடன் என்று பெயர் உள்ள வீடுகளில் விசாரித்தால் பெரும்பாலும் இப்படி ஒரு கதை கிடைக்கும்.

பேரனுக்குத் தாத்தா பெயர் என்பதால் அது எனக்கு வந்தது. சிக்கல் அம்மாவுக்குத்தான். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாதே! அதனால் நான் 'ராசு' ஆனேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் பெயரைக் கேட்க, அம்மா என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லுடா" என்றார்.

பெரியப்பா, சித்தப்பா வீடுகளிலும் அதே தாத்தா, அதே பெயர். ஊரில் கல்யாணத்துக்குப் போனால் மொய் எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு, "எந்த மூக்கையா?" என்பார். "மேட்டுவீட்டு ராசு" என்று சொன்னால்தான் பேனா நகரும். வெறும் மூக்கையா என்று எழுதிவிட்டால் நாளைக்கு எனக்கு வரவேண்டிய மொய் சித்தப்பா மகனுக்குப் போய்விடும் (அவன் வேண்டாம் என்று சொல்லமாட்டான்). பட்டப்பெயரைக் கேலி என்று நினைப்பவர்கள் எங்கள் ஊர்க் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்க்க வேண்டும். அதிலும் அது அச்சாகும். இல்லாவிட்டால் செத்தது யார் என்று ஊருக்குத் தெரியாது.

புனேயில் வேலை பார்த்தபோது வேறு கதை. எங்கள் கட்டட வாட்ச்மேன் பீகார்க்காரர். என் பெயர் அவர் காதில் 'முக்கியா' என்று விழுந்திருக்கிறது. அவர் ஊரில் முக்கியா என்றால் பஞ்சாயத்துத் தலைவர். தினமும் எழுந்து நின்று சல்யூட் வைத்தார். திருத்தலாம் என்றுதான் நினைத்தேன், அப்புறம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அமெரிக்காவில் மரியாதை தலைகீழ். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்படி விட்டால் விசாவில் இருக்கிற ஒரே பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று அடிப்பார்கள். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். அதுவே லைசென்ஸுக்கும் சம்பளச் சீட்டுக்கும் போயிற்று. 'அன்புள்ள ஃப்னு' என்று வங்கி கடிதம் போடும். கிளினிக்கில் நர்ஸ் "ஃப்னு! ஃப்னு!" என்று கூப்பிட, காத்திருந்த இன்னொரு தமிழரும் என்னோடு சேர்ந்து எழுந்தார். அவருக்கும் அதே பெயர்தான்.

துபாய் போக இருந்த மாமா மகனுக்கும் இதே தலைவலி. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்ததால் பிழைத்தான். பாஸ்போர்ட் எடுக்கப் போகிறவர்களே, அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிடுங்கள். கூப்பிடும்போது அப்பாவைக் கூப்பிட்டதுபோல் இருக்கும், பரவாயில்லை.

என் மகனுக்கு இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிட்டேன்: பாண்டி, மூக்கையா. பாண்டி என்பது என் அப்பா பெயர். என் மனைவி அம்மா மாதிரி இல்லை. "டேய் பாண்டி, எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்று அவள் கத்தினால், திண்ணையிலிருந்து அப்பா, "இங்கதாம்மா இருக்கேன்" என்கிறார்.