மனமகிழ்ச்சியை மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாமா? (நீதிமொழிகள் 17:22)

எழில்:
“மனமகிழ்ச்சி நல்ல ஔஷதம், முறிந்த ஆவியோ எலும்புகளை உலரப்பண்ணும்.” இதை வெறும் அலங்காரப் பேச்சு என்று ஒதுக்க முடியாது. அதே நீதிமொழிகளில் 3:8 நாபியையும் எலும்பையும் சொல்கிறது; 14:30 பொறாமையை எலும்புருக்கி என்கிறது. மனசு வேறு, உடம்பு வேறு என்று பிரிக்காதவர்கள் எழுதியது. சந்தோஷமாக இரு, குணமாகும். அவ்வளவுதான்.

கடைசிவரிசை:
“இரு” என்ற கட்டளை அந்த வசனத்தில் எங்கே? 3:8-ஐ அதன் முந்தின வசனத்தோடு படியுங்கள்: உன்னை ஞானியென்று எண்ணாதே, கர்த்தருக்குப் பயந்து தீமையை விட்டு விலகு. அந்த ஆரோக்கியம் இதற்குக் கிடைப்பது. 25:20-ஐயும் பாருங்கள். துக்கப்படுகிறவனிடம் பாட்டுப் பாடுவது வெடியுப்பில் காடி (வினிகர்) ஊற்றுவது மாதிரியாம். அங்கே வெடியுப்பு என்பது அந்தக் காலத்தில் அழுக்குப் போக்குகிற காரம். காடி பட்டால் பொங்கி நுரைக்கும்; அடங்கியபின் காரமும் வெளுக்காது, காடியும் புளிக்காது. நோயாளியின் கட்டிலைச் சுற்றிக் கைதட்டிப் பாடுகிறவர்கள் செய்வது இதுதான்.

எழில்:
சவுல் ராஜாவுக்குத் தாவீது சுரமண்டலம் வாசித்தபோது ஆறுதல் கிடைத்ததே? 1 சாமுவேல் 16:23.

கடைசிவரிசை:
இரண்டு அதிகாரம் தள்ளிப் போங்கள். 18:10-11-இல் அதே கை, அதே வாத்தியம். சவுல் ஈட்டியை எறிகிறான். இடையில் வந்தது, “சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்” என்று பெண்கள் பாடியது கிளப்பிய பொறாமை. நீங்கள் காட்டிய எலும்புருக்கியேதான்!

சாம்பல்மேடு:
குறுக்கே ஒன்று. வியாதியில் கிடந்த எசேக்கியா ராஜாவின் ஜெபம் கேட்கப்பட்ட பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் (ஏசாயா 38:21). மகிழ்ச்சி மருந்தென்றால் மற்ற மருந்து வேண்டாம் என்று யாரும் நினைக்கவில்லை. துன்பத்தில் இருந்த யோபுவின் சிநேகிதரும் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்ததும் கெட்டது.

எழில்:
கட்டளை இல்லை என்றவருக்கு நெகேமியா 8:9-10. அழுகிற ஜனத்திடம், அழாதீர்கள், கொழுமையானதைப் புசியுங்கள், மதுரமானதைக் குடியுங்கள், இல்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்கிறார்கள். இது ஏவல்தானே?

கடைசிவரிசை:
ஏவல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று விடிந்ததிலிருந்து மத்தியானம்வரை நியாயப்பிரமாண வாசிப்பு, லேவியர் அர்த்தம் விளக்கினார்கள், கேட்டவர்கள் அழுதார்கள். அதன்பிறகுதான் விருந்து. 8:12 காரணத்தையும் சொல்லிவிடுகிறது: சொன்னது விளங்கியதால் சந்தோஷம். நீங்களோ நேராகப் பந்தியில் உட்காரச் சொல்கிறீர்கள்.